ஃபமாச்சா அட்டை: கன்னி ஆடுகளோடு இரண்டு மழைக்காலம் பயன்படுத்திய பிறகு

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அட்டை. அதில் ஆட்டுக் கண்ணின் ஐந்து படங்கள், நல்ல சிவப்பில் தொடங்கி வெளுத்துப் போன வெள்ளையில் முடியும். குடற்புழுவால் ஆட்டுக்கு ரத்தம் குறைந்திருக்கிறதா என்று இமையின் உள்நிறத்தை வைத்துப் பார்க்கும் ஃபமாச்சா என்பது இவ்வளவுதான். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் கன்னி இனத்து ஆடுகள் 38 வைத்திருக்கிறேன். ஒரு பயிற்சி முகாமில் கைக்கு வந்த இந்த அட்டையை வைத்துத்தான் இரண்டு மழைக்காலமாகக் குடற்புழு மருந்து கொடுக்கிறேன்.

அதற்கு முன்னால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுக்க ஒரே மருந்துதான். கிடா சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆடுகளுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை ஊற்றியிருக்கிறேன். சினையின் தொடக்கத்தில் அது கருவைப் பாதிக்கும், அந்த நாட்களில் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் கடையில் யாரும் சொல்லவில்லை, பாட்டிலில் இருந்த பொடி எழுத்தை நானும் படிக்கவில்லை. அந்த ஈத்தில் ஒரு குட்டி முன்னங்கால் மடங்கிப் பிறந்து செத்துப் போனது. மருந்தால்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் அது இன்னும் மனசில் கிடக்கிறது.

அட்டையின் பெயரிலேயே அதைத் தொடங்கி வைத்தவர் இருக்கிறார்: தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மலான். அங்கே செம்மறிப் பண்ணைகளில் மருந்து ஊற்றி ஊற்றிப் புழுக்கள் எதற்கும் சாகாத நிலைக்கு வந்திருந்த காலம் அது. ஹீமாங்கஸ் என்ற புழு நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும், ஒரு பெண் புழு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ரத்தம் குறைந்தால் கீழிமையின் உள்பக்கம் வெளுக்கும் அல்லவா, அதைப் படிப்படியாகப் பிரித்து நிறமாக்கினால் படிக்காத மேய்ப்பரும் பார்க்கலாம் என்பதுதான் யோசனை. வான் வைக், பாத் என்ற ஆய்வாளர்கள் அதை மந்தைகளில் சோதித்து 2002இல் விரிவாக எழுதினார்கள். முதல் நிறம் என்றால் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 28 சதவீதமோ அதற்கு மேலோ, ஐந்தாம் நிறம் என்றால் 12 சதவீதமோ அதற்குக் கீழோ. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்து மற்றதை விட்டுவிட்டால், மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்களும் மேய்ச்சல் காட்டில் மிஞ்சும், மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டுமே பெருகாது, அதனால் மருந்தும் பல வருடம் வேலை செய்யும்.

பார்க்கும் விதம் முக்கியம். வெயில் வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்தி, கட்டை விரலால் மேலிமையை மூடி விழியை லேசாக உள்ளே அழுத்தி, மற்ற விரலால் கீழிமையை இழுத்தால் சவ்வு தானாகப் பிதுங்கி வரும். உடனே அட்டையோடு ஒப்பிட வேண்டும், கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தால் நிறம் மாறிவிடும். கொட்டகை நிழலில் நான் பார்த்த முதல் வாரம் முழுக்கத் தப்பு.

எனக்கு இது நிஜமாகக் கைகொடுத்தது ஈத்துக் காலத்தில்தான். குட்டி போடுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பால் கொடுக்கிற காலம் வரைக்கும் தாய் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, புழுக்கையில் முட்டை ஏறும், இரட்டைக் குட்டி போட்டதற்கு இன்னும் அதிகம். அந்த முட்டைகள்தான் மேய்ச்சலுக்கு வந்து குட்டிகளைப் பிடிக்கின்றன. கார்த்திகை மழையில் என் பால்கன்னி (வெள்ளைக் கோடுள்ள கன்னி ஆடு) ஒன்று இரண்டு குட்டி போட்டு பத்து நாள் ஆகியிருந்தது, நன்றாகத் தின்றது, மயிரும் மினுக்காக இருந்தது, இமையைப் பார்த்தால் நான்காம் நிறம். அன்றைக்கே எடை போட்டு அளவாக மருந்து கொடுத்தோம், பிழைத்துக்கொண்டது. ரத்தம் ரொம்பக் குறைந்து தாடையில் நீர் கோத்த பிறகு பார்த்திருந்தால் தாயும் போயிருக்கும், குட்டிகளும் போயிருக்கும். நிறைசினை, பால் கொடுக்கும் ஆடு, குட்டி இவற்றுக்கு மூன்றாம் நிறத்திலேயே மருந்து கொடுத்துவிடுவது நல்லது. மழையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

சரி, குறைகள். இது ரத்தம் குடிக்கிற புழுவுக்கு மட்டும்தான். நாடாப்புழு, குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் கொடுக்கும் காக்சிடியா எல்லாம் அட்டையில் தெரியாது. தூசியில் கண் சிவந்த ஆடு நல்ல ஆடு போல ஏமாற்றும். புழு தவிர வேறு காரணத்தாலும் ரத்தம் குறையும். அதனால் புழுக்கைப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மருந்துக்கு முன்னால் ஒருமுறை, 10 முதல் 14 நாள் கழித்து ஒருமுறை எடுத்து முட்டை எண்ணிக்கையைப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறதா என்பதே தெரிந்துவிடும். எங்கள் கால்நடை மருத்துவர் அப்படிப் பார்த்துத்தான் ஒரு மருந்தையே நிறுத்தச் சொன்னார்.

விலையைவிடப் பராமரிப்புதான் விஷயம். வெயில் பட்டால் நிறம் மங்கும், மங்கிய அட்டை பொய் சொல்லும். துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை புதுசு. இந்த முறை ஐப்பசி மழைக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும், 11 ஆடு சினை.