தெரிந்த ஆளா, செயலியா, கம்பெனியா? பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு அலசல்

பிளம்பரைத் தேடுகிறவர்களில் பாதிப் பேர் தரையில் தண்ணீர் நிற்கும்போதுதான் தேட ஆரம்பிக்கிறார்கள். அந்த நேரத்தில் யார் முதலில் போனை எடுக்கிறாரோ அவர்தான் நல்ல பிளம்பர். கூலி பேச வாய் வராது, என்ன பொருள் போடுகிறார் என்று பார்க்கப் பொறுமை இருக்காது, எப்படியாவது நின்றால் போதும் என்றிருக்கும். அதனால் இந்த ஒப்பீட்டைத் தண்ணீர் ஒழுகாத ஒரு நாளில் படிப்பது நல்லது.

நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: யாரோ சொல்லித் தெரிந்த தனி பிளம்பர், செயலியில் பதிவு செய்து வரவழைக்கும் ஆள், வண்டியும் கருவிகளுமாக வரும் கம்பெனி. ஆண்டு ஒப்பந்தம் என்று நான்காவது ஒன்றும் உண்டு. நிறைய குளியலறைகள் உள்ள கட்டடத்துக்கும், சொந்தக்காரர் வெளியூரில் இருக்கும் வாடகை வீட்டுக்கும் அது சரிப்படும். ஒரு குடும்பம் இருக்கும் வீட்டுக்கு, பெரும்பாலும், வராத வேலைக்கு முன்பணம் கட்டுவதுதான் அது. கூலியை மட்டும் வைத்து இந்த மூன்றையும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவோம். நான் பார்ப்பது வேறு: சரிசெய்த இடம் அடுத்த மாதம் மறுபடி ஒழுகினால் யார் வருவார், யார் செலவில் வருவார்?

தனி பிளம்பர்

இவருடைய பெரிய பலம் ஞாபகம். பழைய ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) எந்தச் சுவரில் முடிகிறது, சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) எங்கே தொடங்குகிறது, மாடிக் குளியலறையின் வால்வு எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் இரண்டு மூன்று முறை வந்துபோனவருக்குத் தெரியும். புதிதாக வருகிறவர் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும் இடத்துக்கு இவர் நேராக நடந்து போவார். பேர் கெட்டால் அதே தெருவில் வேலை கிடைக்காது என்பதால், ஒழுகினால் திரும்பி வரவும் செய்வார்.

பலவீனமும் அங்கேதான். அந்த ஞாபகம் முழுவதும் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் வேறு பெரிய வேலையில் மாட்டிக்கொண்டால் ‘இதோ வந்துடறேன்’ என்ற ஒரே பதில்தான் நாள் முழுக்க. ரசீது கேட்டால் முகம் மாறும். தரைக்கடியில் போகும் கழிவுக் குழாயில் கேமரா விட்டுப் பார்க்கும் வசதி இவரிடம் அநேகமாக இருக்காது.

தனி ஆளை எடைபோட, வேலையைப் பார்க்கும் முன்பே ஒரு வழி இருக்கிறது. போனில் பிரச்சினையைச் சொல்லிவிட்டு, அவர் என்ன திருப்பிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். ‘சரி, வந்து பாக்கறேன்’ என்று மட்டும் சொன்னால் அதிலிருந்து எதுவும் தெரியாது. ‘எப்பவுமே ஒழுகுதா, இல்ல தண்ணி பயன்படுத்தும்போது மட்டுமா?’ என்று கேட்டால் அவர் வேலை தெரிந்தவர். இந்த ஒரு கேள்வி பாதி நோயைக் கண்டுபிடித்துவிடும். நாள் முழுக்கச் சொட்டினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். குளிக்கும்போதோ பாத்திரம் கழுவும்போதோ மட்டும் கீழ்ச் சுவரில் ஈரம் தெரிந்தால், கழிவுக் குழாயிலோ தரை டைல்ஸ் இடுக்கிலோ தேட வேண்டும். இரண்டுக்கும் உடைக்கும் இடமே வேறு.

செயலியில் வரும் ஆள்

கட்டணம் முன்கூட்டியே தெரியும், வரும் நேரம் தெரியும், பில் கிடைக்கும், இத்தனை நாளுக்கு உத்தரவாதம் என்று எழுத்தில் இருக்கும். புது ஊருக்குக் குடிவந்தவருக்கு இதைவிட வசதி இல்லை. குழாய் மாற்றுவது, வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் ஹோஸ் மாற்றுவது, ஃபிளஷ் டேங்கின் உள் பாகங்களை மாற்றுவது போன்ற, எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று கண்ணுக்குத் தெரிகிற வேலைகளுக்குத் தாராளமாகக் கூப்பிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், செயலியில் நாம் பதிவு செய்வது வேலையை. நமக்குத் தெரிந்ததோ அறிகுறி மட்டும். ‘அடைப்பு நீக்குதல்’ என்று பதிவு செய்வோம். வருகிறவர் அந்தக் கட்டணத்துக்குக் குழாய்க்குள் நீளமான கம்பிச் சுருளை, அதாவது ஸ்பிரிங்கை, விட்டு அடைப்பை எடுத்துவிட்டுப் போவார். குழாய் சரிவில்லாமல் படுத்திருப்பதால்தான் மாதாமாதம் அடைக்கிறது என்பதைப் பார்ப்பது அவர் வேலையில் சேராது. கழிவுக் குழாய்க்கு 50 அடிக்கு 1 அடி அளவில் சரிவு இருந்தால் திடப்பொருளும் தண்ணீரும் சேர்ந்து போகும். அந்தச் சரிவு கெட்டிருந்தால் எத்தனை முறை ஸ்பிரிங் விட்டாலும் அடுத்த மாதம் அதே கதை, அதே கட்டணம்; வருகிற ஆள் மட்டும் வேறு.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆள் கிளம்பிய அரைமணி நேரத்துக்குள் மதிப்பீடு கேட்டுச் செய்தி வந்துவிடும். இணைப்பு தளர்ந்து சொட்டத் தொடங்குவதற்கு வாரங்கள் ஆகலாம். ஐந்து நட்சத்திரம் என்றால் ஆள் நேரத்துக்கு வந்தார், மரியாதையாகப் பேசினார், இடத்தைத் துடைத்துவிட்டுப் போனார் என்றுதான் அர்த்தம். செய்த வேலை நிலைத்ததா என்பதற்கு ஒரு நட்சத்திர விமர்சனங்களைத்தான் படிக்க வேண்டும். அதிலும் ‘மறுபடி ஒழுகியது’ என்று எழுதியவருக்குத் திரும்ப ஆள் அனுப்பினார்களா என்று பாருங்கள்.

கம்பெனி

சுவருக்குள் எங்கோ கசிகிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. கீழ் வீட்டுக்காரர் கூரையில் ஈரம் என்று சண்டைக்கு வருகிறார். தெருச் சாக்கடைக்குப் போகும் லைன் அடைத்திருக்கிறது. இதற்கெல்லாம் கருவி வேண்டும். கேமரா, அழுத்தத் தண்ணீரால் குழாயைக் கழுவும் ஜெட்டிங் இயந்திரம், சுவருக்குள் கசியும் சத்தத்தைக் கேட்கும் கருவி எல்லாம் கம்பெனியிடம்தான் இருக்கும். தனி ஆள் கண்ணை மூடிக்கொண்டு மூன்று இடத்தில் உடைப்பதைவிட, இவர்கள் கண்டுபிடித்து ஒரே இடத்தில் உடைப்பது மொத்தத்தில் மலிவு.

இன்னொரு வித்தியாசம் காப்பீடு. வேலை நடக்கும்போது குழாய் உடைந்து கீழ்த்தளத்து மரத்தரை நாசமானால் யார் பணம் கொடுப்பது? தனி ஆளால் முடியாது. கம்பெனியிடம் காப்பீடு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு, தாளைக் காட்டச் சொல்லலாம். பல நாடுகளில் பிளம்பருக்கு உரிமம் கட்டாயம். எரிவாயுவில் ஓடும் வாட்டர் ஹீட்டரைத் தொடுவதற்குத் தனித் தகுதியே கேட்பார்கள். எரிவாயு என்று வந்துவிட்டால் உரிமம் இல்லாதவரை, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், கூப்பிடவே கூடாது.

ஆனால் கம்பெனி அனுப்பும் ஆள் சில இடங்களில் பிளம்பர் பாதி, விற்பனையாளர் பாதி. விற்கிற தொகைக்கு ஏற்ப அவருக்குக் கமிஷன் என்றால், குழாய் திரும்பும் இடத்தில் ஒரு எல்போ இணைப்பை மாற்றினால் போதுமான இடத்தில் ‘லைன் முழுக்கப் போயிடுச்சு, மொத்தமா மாத்தணும்’ என்பார். ‘இலவசப் பரிசோதனை’ என்று விளம்பரம் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். அந்தச் செலவை எங்கோ எடுத்தாக வேண்டுமே. கேமராவில் பார்த்ததாகச் சொன்னால் வீடியோவை வாங்கிக்கொள்ளுங்கள். சுவரையோ தரையையோ உடைக்கச் சொன்னால், அவசரம் இல்லாதவரை, இரண்டாவது ஆளிடம் அதே வீடியோவைக் காட்டிக் கேளுங்கள்.

பேசிய கூலியா, மணிக்கணக்கா?

கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு மொத்தமாகப் பேசிவிடுவது நல்லது. மெதுவாகச் செய்தால் நஷ்டம் அவருக்கு. தேட வேண்டிய வேலைக்கு மொத்தக் கூலி பேசினால், நல்லவர்கள் பயந்து கூட்டிச் சொல்வார்கள், மற்றவர்கள் பாதியில் விட்டுப் போவார்கள். அதை இரண்டாகப் பிரித்துவிடலாம்: கண்டுபிடிக்க ஒரு தொகை, கண்டுபிடித்தபின் சரிசெய்ய ஒரு தொகை.

தேடும் வேலையில் கொஞ்சத்தை நாமே செய்து வைக்கலாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரைத் தொடாமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ போகிறது. ஃபிளஷ் டேங்கில் சமையல் நிறத்தைச் சில சொட்டு விட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் டேங்கின் அடி வால்வு மூடவில்லை. இதைச் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறவர் சரியான பொருளோடு வருவார். ஒரு விஷயத்தை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: அடைப்புக்கு ரசாயனம் ஊற்றியிருந்தால். காஸ்டிக் கலந்த தண்ணீர் அவர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

அவசரம் என்பது எது?

வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது, அது திரும்புகிறதா என்று தெரிந்த வீட்டில் பெரும்பாலான நள்ளிரவு அவசரங்கள் காலை வேலையாக மாறிவிடும். இரவுக் கூலிக்கும் பகல் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வால்வு மிச்சப்படுத்தும். பழைய கேட் வால்வுகள் வருடக்கணக்காகத் திருப்பாமல் விட்டால் இறுகிவிடும். வேண்டும்போது முறுக்கினால் தண்டு உடைந்து கையோடு வரும். அப்படிப்பட்டதை, கால் சுற்றில் மூடும் பால் வால்வாக மாற்றுவதுதான் புது வீட்டுக்குப் போனதும் பிளம்பருக்குக் கொடுக்க வேண்டிய முதல் வேலை.

வால்வை மூடியும் காத்திருக்க முடியாதவை உண்டு. சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவது, வால்வுக்கு முன்னாலேயே குழாய் வெடிப்பது, ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு நிற்காமல் வெந்நீரைக் கக்குவது. கடைசியாகச் சொன்னதற்கு ஹீட்டரின் மின்சாரத்தை அல்லது எரிவாயுவை நிறுத்துங்கள். அந்த வால்வை அடைக்கச் சொல்லும் ஆளை வெளியே அனுப்புங்கள். எரிவாயு வாடை அடித்தால் எதையும் தொடாமல் வெளியே வந்து அவசர எண்ணை அழையுங்கள். பிளம்பரை அப்புறம் கூப்பிடலாம். சுவிட்சுப் பலகைக்குத் தண்ணீர் போனால் மெயின் சுவிட்சை அணைத்தபிறகுதான் பிளம்பர். அந்தச் சுவிட்சே ஈரத்தில் இருந்தால் அதைத் தொடக்கூடாது, மின்வாரியத்தைத்தான் கூப்பிட வேண்டும். இந்த நேரத்தில் 24 மணி நேரமும் ஆள் வைத்திருக்கும் கம்பெனிதான் வழி. போனிலேயே இரண்டு கேள்வி: வந்து பார்க்க மட்டும் எவ்வளவு, இன்றிரவு தற்காலிகமாக நிறுத்தினால் மட்டும் எவ்வளவு. நிரந்தர வேலைக்கு இரவில் தலையாட்ட வேண்டாம்.

என் தேர்வு

அன்றாட வேலைக்குத் தனி பிளம்பர். தேடவும் தோண்டவும் கம்பெனி. தனி ஆள் கிடைக்காத நாளில் சின்ன வேலைக்குச் செயலி. தனி ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொட்டும் குழாய் ஒன்று போதும். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் வருடத்துக்கு 11,000 லிட்டருக்கு மேல் வீணாகிறது, ஆகவே அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். யாரோ நல்லவர் என்று சொன்ன ஆளை அதற்குக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

வாஷர் தேய்ந்ததா, வாஷர் உட்காரும் இருக்கையே பள்ளமாகிவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறாரா? இணைப்பில் கசியாமல் இருக்கச் சுற்றும் டெஃப்ளான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றுகிறாரா, அல்லது எப்படியோ சுற்றி, திருகும்போது டேப் சுருண்டு வெளியே வருகிறதா? முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, இணைப்பை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு காகிதத் துண்டை அதைச் சுற்றி அழுத்திப் பார்ப்பவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் புள்ளியாக விழுந்துவிடும். அவர் உடனே கிளம்பவும் இல்லை. கருவிகளைத் துடைத்துப் பையில் அடுக்கிவிட்டு, இன்னொரு தடவை காகிதத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூலி கேட்டார்.

குழாய் ஒட்டும் வேலையாக இருந்தால் சொல்யூஷன் (ஒட்டும் பசை) டப்பாவைப் பாருங்கள். பிவிசிக்கு வேறு, சிபிவிசிக்கு வேறு. இரண்டுக்கும் ஒரே டப்பாவை எடுப்பவர் வேண்டாம். ஒட்டிய கையோடு தண்ணீரைத் திறப்பவரும் வேண்டாம், ஒட்டு இறுக நேரம் வேண்டும். வெந்நீர் லைனுக்குச் சாதாரண பிவிசி போதும் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. சுவருக்குள் குழாய் போகும் வேலை என்றால், பூசுவதற்கு முன் லைனை அழுத்தத்தில் நிறுத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யார் வந்தாலும், எங்கே துளை போடக் கூடாது என்று காட்ட அந்தப் படம் இருக்கும்.