சுங்கை சிப்புட்டில் பழைய தீர்ப்புத் தொகுதிகள் விற்கும் ஒரு கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் இரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கடைவீதியின் பின்வரிசையில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களுக்கும் பஞ்சாங்கங்களுக்கும் இடையே, காலனிய இந்தியாவின் உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகள் அங்கே ஓர் அலமாரி நிறைய அடுக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் கடையை நடத்துகிறார். காலஞ்சென்ற வழக்கறிஞர் ஒருவரின் வீட்டைக் காலி செய்தபோது, காகிதக் கழிவோடு போகவிருந்தவற்றை எடைக்கு வாங்கி வந்ததாகச் சொன்னார். மூன்று மாதங்களில் நான் மூன்று தொகுதிகள் வாங்கியிருக்கிறேன். ஒன்று 45 வெள்ளி (ரிங்கிட்).

1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1876 முதல் கல்கத்தா, சென்னை, பம்பாய், அலகாபாத் என நான்கு வரிசைகளாக வெளிவந்தவை இவை. இங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை சென்னை வரிசை. தோட்டப்புறப் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இவற்றால் என்ன பயன் என்று என் மனைவியும் கேட்டாள். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டது. அதைப் பார்த்தே, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1871இல் எழுதப்பட்டது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்துக்கும் மூலம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமே. கொலைக்கு இலக்கணம் சொல்லும் பிரிவு மலேசியாவில் இன்றும் 300தான்; இந்தியாவிலும் 2024இல் புதிய சட்டம் வரும்வரை அதே எண்ணில்தான் இருந்தது. ஆகவே, நம் நீதிமன்றங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வழக்குகள் சிலவற்றின் மூல அச்சை, நாலு முழக் கடையொன்றில் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்க முடிகிறது.

நான் முதலில் வாங்கியது சென்னை வரிசையில் 1919இல் வந்த நாற்பத்திரண்டாம் தொகுதி. பழனிக் கவுண்டன் வழக்குக்காகவே வாங்கினேன். மனைவியின் தலையில் ஏர்க்கொழுவால் அடித்தவன், அவள் நினைவிழந்து விழுந்ததைக் கண்டு இறந்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலை போலத் தோன்றட்டும் என்று கயிற்றில் தொங்கவிட்டான். உயிர் போனது அந்தக் கயிற்றால்தான். அடித்தபோது கொல்லும் எண்ணம் மெய்ப்பிக்கப்படவில்லை. தொங்கவிட்டபோது அவன் மனத்தில் இருந்ததோ பிணம். ஆகையால் இது கொலையுமன்று, கொலையாகாத மரணம் விளைவித்தலுமன்று என்று முழு ஆயம் முடிவு செய்தது. கொடுங்காயக் குற்றமே அவன்மேல் நின்றது. இதைப் படித்த இரவு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் எண்ணமும் செயலும் ஒரே கணத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்னும் விதியை நீதிபதிகள் இழை இழையாகப் பிரித்துக் காட்டும் பொறுமையைச் சுருக்கப் பாடநூல் எதுவும் தராது.

குடிவாரம், அதாவது பயிரிடுவோரின் நில உரிமை பற்றிய வழக்குகளுக்காக 1897ஆம் ஆண்டின் இருபதாம் தொகுதியை எடுத்தேன். வெங்கடநரசிம்ம நாயுடுவுக்கும் தண்டமூடி கோட்டையாவுக்கும் இடையிலான வழக்கு அதில் இருக்கிறது. ஜமீன் நிலத்தில் பயிரிடும் குடியானவரை ஆண்டுக்கு ஆண்டு குத்தகை எடுப்பவராகக் கருதி வெளியேற்றிவிட முடியாது, அவருடைய உரிமை ஜமீன்தார் கொடுத்ததால் பிறந்ததன்று என்று சுப்பிரமணிய ஐயர் அமர்ந்த ஆயம் தீர்ப்பளித்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் அந்த அனுபோக உரிமையை ஏட்டில் ஏற்றியது. எங்கள் தோட்டம் கைமாறியபோது, மூன்று தலைமுறையாக இருந்த லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை)க் காலி செய்யச் சொல்லி அப்பாவுக்குக் கடிதம் வந்தது. பழைய பெட்டியில் அதை இன்னும் வைத்திருக்கிறோம். ஜமீன் குடியானவருக்குக் கிடைத்த நியாயம் லயத்துக்காரருக்குச் செல்லாது. அந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. எஸ்டேட் என்னும் சொல் மட்டுமே இரண்டுக்கும் பொது என்று தெரிந்தும், அந்தப் பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன்.

மூன்றாவதாக வாங்கிய நான்காம் தொகுதியில் சின்னய்யா வழக்கு இருக்கிறது. மகளுக்குச் சொத்தை எழுதி வைத்த தாய், தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் கொடுக்கச் சொல்ல, மகளும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பு கொடுக்க மறுத்த வழக்கு அது. பிரதிபலன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது, மூன்றாமவரிடமிருந்து வந்தாலும் ஒப்பந்தம் செல்லும் என்பது இதில் நிலைநாட்டப்பட்டது.

ஒவ்வொரு தொகுதியின் உள்ளட்டையிலும், முக்கியமான வழக்குகளின் சுருக்கத்தைத் தமிழில் எழுதிப் பெரியவர் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். ஆங்கிலம் அதிகம் படிக்காதவர்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் சில இடங்களில் சுருக்கம் பொருளையே மாற்றிவிடுகிறது. கல்கத்தா வரிசையின் முப்பதாம் தொகுதியில் உள்ள 1903ஆம் ஆண்டின் மோகரி பீபி வழக்குக்கு, "வயது வராதவன் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை" என்று சீட்டு சொல்கிறது. வயது வராதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பதே, அன்று மேல்முறையீட்டின் இறுதி மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் தீர்ப்பு. தர்மதாஸ் கோஷ் வயது வராதவர் என்பது, 20,000 ரூபாய் அடமானம் எழுதி வாங்கிய லேவாதேவிக்காரரின் வழக்கறிஞருக்கு முன்கூட்டியே தெரியும். பணத்தைத் திருப்பச் சொல்ல நீதிமன்றம் மறுத்ததில் அதற்கும் பங்குண்டு. இதைப் பெரியவரிடம் சொன்னேன். "அப்படியா தம்பி, அடுத்த சீட்டில் சேர்த்துவிடுகிறேன்" என்றாரே தவிர, பழைய சீட்டைக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

வேறு குறைகளும் உண்டு. வரிசை முழுமையாக இல்லை. பொருளடக்கத் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. பல பிரதிகளை இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. எனக்குக் கிடைத்த ஒரு பிரதியில் பதினாறு பக்கங்கள் இல்லை. கொண்டுபோய்க் காட்டியதும், கேள்வி கேட்காமல் பத்து வெள்ளியைத் திருப்பித் தந்தார். வாங்குவதற்கு முன் உட்கார்ந்து படித்துப் பார்க்க ஒரு பெஞ்சும், கேட்டால் தேநீரும் உண்டு. அட்டை உதிர்ந்தவற்றை எட்டு வெள்ளிக்குத் துணிக்கட்டுப் போட்டும் தருகிறார், அந்த வேலையில் குறை சொல்ல இடமில்லை.

வெள்ளிக்கிழமை கடை அடைப்பு. மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குமேல் போகலாம். முப்பதாம் தொகுதியை எனக்கென்று பேசி வைத்திருக்கிறேன். மற்றவை அலமாரியில்தான் இருக்கின்றன.