மைக்கேல்மஸ், ஹிலரி எல்லாம் போட்ட டைரி, வாங்கலாமா?

லண்டன் சான்சரி லேன் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடைல இந்த பாக்கெட் டைரிய வாங்கினேன், ஒரு வருஷமா பையிலயேதான் இருக்கு. நான் வேலை பாக்கறது வக்கீல் ஆபீஸ், தம்பி படிக்கறது ஆக்ஸ்ஃபோர்டு. ரெண்டு இடத்துலயும் வருஷத்த டேர்ம், அதாவது பருவம்னு பிரிச்சிருப்பாங்க, தேதிய விட அந்த டேர்ம் பேர்தான் அதிகமா காதுல விழும். நம்ம ஊர்ல ஆடி கழியட்டும், தைப்பூசம் முடியட்டும்னு சொல்றோம்ல, அதே கணக்கு, டேர்ம் பேரெல்லாம் திருநாள் பேர்தான். மைக்கேல்மஸ்னா செப்டம்பர் 29 வர்ற மிக்கேல் அதிதூதர் திருநாள், ஹிலரிங்கறது ஜனவரி 13 வர்ற ஒரு புனிதரோட திருநாள், டிரினிட்டி நம்ம சர்ச்ல சொல்ற திரித்துவ ஞாயிறு.

இதுல சிக்கல் என்னன்னா பேர் ஒண்ணா இருந்தாலும் கணக்கு வேற வேற. கோர்ட்ல ஹிலரி ஜனவரி 11 தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின புதன் வரைக்கும் ஓடும், ஆக்ஸ்ஃபோர்டுல எட்டே வாரம், அதுவும் ஞாயித்துக்கிழமைல ஆரம்பிக்கும். 2025ல தம்பி "ஹிலரி அஞ்சாவது வாரம் வியாழக்கிழமை வாக்கா"ன்னு மெசேஜ் போட்டான், நான் கோர்ட் கணக்குல எண்ணி பிப்ரவரி 13க்கு ட்ரெயின் டிக்கெட் போட்டுட்டேன், அவன் சொன்னது 20. டிக்கெட் காசு போச்சு, அவன பாக்கவும் முடியல, ரொம்ப வருத்தமா போச்சு. அதுக்கப்புறம்தான் இத வாங்கினேன்.

ஒவ்வொரு பக்கத்து ஓரத்துலயும் ஆக்ஸ்ஃபோர்டு வார நம்பர் சின்னதா சிவப்புல இருக்கு, டேர்முக்கு முந்தின வாரத்துக்கு 0ன்னு கூட போட்டிருக்காங்க. கோர்ட் தேதிக்கு கீழ டேர்ம்னு போடாம சிட்டிங்ஸ், அதாவது அமர்வுன்னு சரியா போட்டிருக்காங்க, 1875ல சட்டம் மாறினதுலேந்து கோர்ட்ல அதுதான் முறையான பேர், பேச்சுல மட்டும் டேர்ம் இன்னும் போகல. கோர்ட்டுக்கு நாலாவதா ஈஸ்டர்னு ஒண்ணு உண்டு, ஆக்ஸ்ஃபோர்டுக்கு கிடையாது, அதையும் குழப்பாம பிரிச்சிருக்காங்க. டைரி அக்டோபர்லேந்து தொடங்குது, ரெண்டு இடத்துலயும் வருஷம் பொறக்கறது அப்பதானே.

குறைன்னா கேம்பிரிட்ஜ். அங்க ஹிலரிக்கு பதில் லெண்ட், அதாவது நம்ம லெந்து காலம், அப்புறம் டிரினிட்டிக்கு பதில் ஈஸ்டர், இதெல்லாம் கடைசி பக்கத்துல பொடி எழுத்துல அடைச்சு வச்சிருக்காங்க, பிள்ளைங்க அங்க படிக்கறவங்களுக்கு இது உதவாது. பேப்பரும் மெலிசு, ஜெல் பேனா பின்பக்கம் ஊறுது, பால்பாயிண்ட்ல எழுதுங்க. நான் அடுத்த மைக்கேல்மஸுக்கும் இதேதான் வாங்கப்போறேன், தம்பிக்கும் சேத்து ரெண்டா.