சேல்ஸ்ஃபோர்ஸ் சிபிக்யூ கைடட் செல்லிங்: முன்வாசலில் காவல், கொல்லைப்புறம் திறந்தபடி

ஜவுளிக்கடையில் கைதேர்ந்த சேல்ஸ்மேன் நாம் உட்கார்ந்ததும் கட்டுக்கட்டாகப் பிரித்துப் போடமாட்டார். கல்யாணத்துக்கா, சும்மா கட்டிக்கவா, எவ்வளவு வரைக்கும் பார்க்கிறீர்கள் என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பத்தே பத்துப் புடவையை எடுத்துப் போடுவார். மென்பொருள்காரர்கள் கைடட் செல்லிங் என்று பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். விற்பனைப் பிரதிநிதி கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, ஆயிரக்கணக்கான பொருள்கள் உள்ள பட்டியல் சுருங்கி, அந்த வாடிக்கையாளருக்குப் பொருந்துவது மட்டும் திரையில் நிற்க வேண்டும்.

நான் இதை விற்பவன் இல்லை, விற்பனைக்குப் பயன்படுத்துபவனும் இல்லை. நெட்வொர்க் சாதனங்கள் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக சேல்ஸ்ஃபோர்ஸ் சிபிக்யூவில் (பொருளைத் தேர்ந்து, விலை போட்டு, விலைப்புள்ளி தயாரிக்கும் மென்பொருள்) இதை அமைத்துக் கொடுத்த டெவலப்பர். சுவிட்ச், ரூட்டர், லைசென்ஸ், பவர் கார்டு என்று இரண்டாயிரத்துச் சொச்சம் பொருள்கள். அதனால் இந்த விமர்சனம் முழுக்க ஒரே கேள்வியைப் பற்றியது: பட்டியலைச் சுருக்க இது டெவலப்பருக்கு என்ன தருகிறது, எங்கே நம்மைக் கவனமாக இருக்கச் சொல்கிறது.

முன்கதை சுருக்கமாக. சிபிக்யூ சேல்ஸ்ஃபோர்ஸ் வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை, ஸ்டீல்பிரிக் என்ற நிறுவனத்திடமிருந்து வந்தது. அதை சுமார் 360 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக சேல்ஸ்ஃபோர்ஸ் அறிவித்தது 2015 டிசம்பரில். இதன் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் (தரவு அட்டவணை) பெயருக்கு முன்னாலும் எஸ்பிக்யூக்யூ என்று ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய வீட்டின் இனிஷியல்தான்.

அமைப்பது கடினமில்லை. கோட் பிராசஸ் என்று ஒரு ரெக்கார்ட் (கோட் என்றால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலைப்புள்ளி, quote), அதன் கீழே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிராசஸ் இன்புட். கேள்வியின் வாசகம், வரிசை, கட்டாயமா இல்லையா, பதிலைப் பொருளின் எந்தப் ஃபீல்டோடு எந்த ஆபரேட்டரில் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். நிரல் எழுதத் தெரியாத அட்மின்கூட ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். ஆட்டோ செலக்ட் போட்டால் பொருந்தும் பொருள்களைத் தானே கோட்டில் சேர்த்துவிடும். கைடட் ஒன்லி போட்டால் பிரதிநிதி கேள்விகளைத் தாண்டிச் சாதாரணத் தேடலுக்குப் போக முடியாது. டெமோவில் இதைக் காட்டினால் மேலாளர்கள் முகம் மலரும், அது உறுதி.

ஆனால் டெமோவில் இருக்கும் பொருள்களுக்கு எல்லா ஃபீல்டும் நிரப்பப்பட்டிருக்கும். நிஜப் பட்டியலில் அப்படி இருக்காது. ‘சமம்’ என்ற ஆபரேட்டருக்குக் காலியான ஃபீல்டு எதற்கும் சமமில்லை, அதனால் அந்தப் பொருள் எந்தப் பதிலுக்கும் வராது. பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது, பொருள் பேசாமல் காணாமல் போகும். நாங்கள் லைவ் போன முதல் வாரத்தில் ஒரு பிரதிநிதி போன் செய்து, இந்த மாடலை எப்போது நிறுத்தினீர்கள், எனக்கு யாரும் சொல்லவே இல்லையே என்று வருத்தப்பட்டார். நிறுத்தவே இல்லை, புதிதாக ஏற்றிய சில பொருள்களில் ஒரு ஃபீல்டை நான் நிரப்ப மறந்திருந்தேன். ஆகவே கைடட் செல்லிங்கில் கை வைப்பதற்கு முன், கேள்விகளில் பயன்படும் ஃபீல்டுகள் காலியாக இருக்கும் பொருள்களை ஒரு ரிப்போர்ட்டாக எடுத்துப் பாருங்கள், அந்த ரிப்போர்ட் பூஜ்யமாகும் வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

அப்புறம் இதைவிடப் பெரிய விஷயம். இந்தக் கருவி பொருளை மறைக்கிறது, தடுப்பதில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நான் சறுக்கினேன்.

பட்டியலைச் சுருக்க சிபிக்யூவில் கைடட் செல்லிங் மட்டும் இல்லை, அடுக்கடுக்காக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் பிரைஸ் புக், அதாவது விலைப்பட்டியல். ஒரு கோட்டுக்கு ஒரு பிரைஸ் புக்தான், அதில் இல்லாத பொருள் தேடலில் வரவே வராது. நாடுவாரியாகவோ டீலர்வாரியாகவோ பிரிக்க வேண்டுமானால் இதுவே பலமான சுவர், பலரும் இதை விலைக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் பொருள் சேர்க்கும் பக்கத்தின் சர்ச் ஃபில்டர்கள். பண்டிலுக்குள், பல பொருள்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புக்குள், போனால் ஆப்ஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட், அதாவது இது இருந்தால்தான் அது, இது இருந்தால் அது கூடாது. பிறகு பிராடக்ட் ரூல்கள்: வேலிடேஷன், அலர்ட், செலக்ஷன், ஃபில்டர் என்று நாலு வகை. இதில் ஃபில்டர் ரூல், டைனமிக் என்று வைத்த பண்டில் ஃபீச்சரோடு (பண்டிலின் ஒரு பிரிவு) சேர்ந்துதான் வேலை செய்யும். நூறு ஆப்ஷனைக் கையால் கட்டி வைக்காமல், பொருந்துவதை அந்த நேரத்தில் தேடிக் காட்டும். எனக்கு இந்தத் தொகுப்பிலேயே மிகப் பிடித்தது அதுதான், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது ஏன் என்று புரியவில்லை.

டெவலப்பருக்கென்றே இருப்பது பிராடக்ட் சர்ச் பிளக்இன், சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழியான அபெக்ஸில் எழுதும் ஒரு இன்டர்ஃபேஸ். தேடல் குவெரியில் எதை எடுக்கலாம் என்று வடிகட்டும் WHERE பகுதியில் நம் நிபந்தனையை ஒட்டலாம், அல்லது தேடலையே முழுதாக நாமே எழுதலாம். முதலாவதே பெரும்பாலும் போதும். நிபந்தனையை ‘ஆண்ட்’ என்று தொடங்கும் ஒரு ஸ்ட்ரிங்காகத் திருப்பிக் கொடுத்தால் சிபிக்யூ அதைத் தன் குவெரியில் சேர்த்துக்கொள்ளும். குவெரி ஓடுவது பிரைஸ் புக் என்ட்ரி மேல் என்பதால் பொருளின் ஃபீல்டுக்கு முன்னால் பொருள் ஆப்ஜெக்டின் பெயரான பிராடக்ட்2 போட வேண்டும். ஸ்ட்ரிங்கை ஒட்டுகிற வேலை என்பதால் பயனர் தட்டிய மதிப்பு எதையும் எஸ்கேப் செய்யாமல் (அது குவெரியின் பகுதியாகவே ஓடிவிடாதபடி மாற்றாமல்) உள்ளே விடக்கூடாது.

இங்கேதான் கொல்லைப்புறம். இந்த இன்டர்ஃபேஸில் சாதாரணத் தேடலுக்கு கெட் அடிஷனல் சர்ச் ஃபில்டர்ஸ், கைடட் செல்லிங்குக்கு கெட் அடிஷனல் சஜஸ்ட் ஃபில்டர்ஸ், இரண்டும் தனித்தனி மெத்தட். பவர் கார்டு அந்தந்த நாட்டு பிளக்குக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையை நான் சஜஸ்டில் மட்டும் எழுதிவிட்டு, முன்வாசலைப் பூட்டிய திருப்தியில் வீட்டுக்குப் போய்விட்டேன். அவசரத்தில் இருந்த ஒருவர் கேள்விப் பக்கமே போகாமல் சர்ச் பெட்டியில் ‘பவர் கார்டு’ என்று தட்டி, ஜெர்மனிக்குப் போகும் கோட்டில் மூன்று முள் பிரிட்டிஷ் பிளக்கைச் சேர்த்து அனுப்பியிருந்தார். நல்லவேளை, வாங்கும் தரப்பில் யாரோ வரிவரியாகப் படித்துப் பிடித்துவிட்டார். கைடட் ஒன்லி போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டுப் பார்த்தோம். பத்து வருஷமாக மாடல் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆட்கள், தினமும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி நொந்துபோய், பழைய கோட்டைக் குளோன் செய்ய, அதாவது நகலெடுக்க, ஆரம்பித்தார்கள். குளோனில் தேடல் பக்கமே வராது. பூட்டு எதற்கு?

சரி, என்னதான் செய்தோம் என்றால், நிபந்தனையைப் பொதுவான ஒரு மெத்தடில் எழுதி இரண்டு இடத்திலிருந்தும் கூப்பிட்டோம். அதற்கு மேல் வேலிடேஷன் ரூல் ஒன்று, சேவ் செய்யும்போது சரிபார்க்கும்படி. குளோன் செய்த கோட்டை, அதன் வரிகளைத் திருத்தும் லைன் எடிட்டரில் திறந்து சேமிக்கப் பார்த்தாலும் அது மறிக்கும். என் அனுபவத்தில் வேலிடேஷன் ரூல்தான் நிஜமான பூட்டு. கைடட் செல்லிங் வாசலில் நின்று வாங்க வாங்க என்று வழிகாட்டும் ஆள், அவரைக் காவல்காரராக நினைத்தால் தப்பு நம்முடையது.

ரூல்களை எழுதுவதில் ஒரு போதை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் துறையின் தாத்தா, 1978-ல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டெர்மட் தொடங்கிய எக்ஸ்கான். டிஇசி (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் வேக்ஸ் கணினி ஆர்டர்களில் எந்தப் பாகத்தோடு எந்தப் பாகம் பொருந்தும் என்று பார்த்த மென்பொருள். ரூல்கள் ஆயிரக்கணக்கில் பெருகி, பராமரிப்பதே தனி வேலையானது. சிபிக்யூவிலும் அதே கதைதான், ஒரு ரூலைத் திருத்தினால் எங்கே இடிக்கும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு ரூலுக்கும் யார் கேட்டது, எதற்காக என்று ஒரு வரி எழுதி வைக்கிறோம். கேட்டவர் வேலையை விட்டுப் போனபின் அந்த ஒரு வரிதான் காப்பாற்றுகிறது.

இப்போது வாங்கலாமா என்றால், புதிதாக வாங்க முடியாது. புதிய வாடிக்கையாளர்களுக்கு சிபிக்யூ விற்பதை சேல்ஸ்ஃபோர்ஸ் 2025-ல் நிறுத்திவிட்டு, ரெவின்யூ கிளவுட் என்ற தன் புதிய தயாரிப்பின் பக்கம் அனுப்பத் தொடங்கியது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுக்காகத்தான் இவ்வளவும். பிளக்இன்னில் புதிதாக நிறைய எழுதிக் குவிக்காதீர்கள், மாறும்போது அத்தனையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பொருள் ஃபீல்டுகளைச் சுத்தம் செய்வதற்கு அந்த நேரத்தைச் செலவிடுங்கள், அது எங்கே போனாலும் கூட வரும். மதிப்பெண் கேட்டால், கேள்வி கேட்பதற்கு ஐந்துக்கு நாலு, நிரல் எழுதுபவருக்குத் திறந்துவிட்ட வசதிக்கு மூன்றரை.

கடைசியாக நாங்கள் செய்தது கேள்விகளைக் குறைத்தது. இன்புட்டை மறைக்கவும் அதற்கு முன்கூட்டியே பதில் கொடுக்கவும் அதே பிளக்இன்னில் மெத்தட்கள் உண்டு. எந்த நாட்டுக்கு என்று ஏன் கேட்க வேண்டும், அனுப்ப வேண்டிய முகவரி கோட்டிலேயே இருக்கிறதே? பதினொரு கேள்வியாக இருந்தது நாலானது. மாடல் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் அந்த ஆட்களில் இரண்டு பேர் இப்போது குளோன் செய்யாமல் கேள்விப் பக்கம் வழியாகவே வருகிறார்கள்.