கை சுகமாகும் முன் கையெழுத்து வைக்காதீர்கள்

கொழும்பில் வீதி விபத்தில் சிறு காயமடைந்து, எதிர்த் தரப்பு வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்தோடு நட்டஈடு பேசிக்கொண்டிருப்பவர்கள், எந்தப் பத்திரத்திலும் ஒப்பமிடுவதற்கு முன் இதை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த ஐப்பசியில் வெள்ளவத்தையில் காலி வீதியால் நான் சென்றுகொண்டிருந்த முச்சக்கர வண்டியை, ஒழுங்கையொன்றிலிருந்து நிறுத்தாமல் வெளிவந்த கார் இடித்தது. வெளியே விழுந்தபோது வலக்கையை ஊன்றியதால் மணிக்கட்டில் அடிபட்டது. பிழை தன்னுடையது என்று கார்ச் சாரதி பொலிஸில் ஏற்றுக்கொண்டார். வைத்தியசாலையில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. சுளுக்காக இருக்கலாம், வலி நீடித்தால் இரண்டு கிழமையில் மீண்டும் படம் எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சிட்டையில் எழுதியிருந்தார். மறுநாளே காப்புறுதி அதிகாரி அந்தச் சிட்டையின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். மிகவும் பணிவாகத் தமிழில் பேசினார். "சின்னச் சுளுக்குத்தானே அக்கா. வழக்கு என்று போனால் வருசக்கணக்கில இழுபடும், இது உடனே கைக்கு வாற காசு" என்றார். நான் வீட்டில் கணித வகுப்பு நடத்துபவள். கரும்பலகையில் எழுத முடியாததால் வருமானம் நின்றுவிட்டது என்றேன். சம்பளச் சிட்டை இருக்கிறதா என்று கேட்டார். மாணவர்களின் கட்டணக் கொப்பியை நீட்டியபோது அதை விரித்தும் பார்க்கவில்லை. 25,000 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாயில் முடித்தோம். தொகையைப் பற்றி அரைமணி நேரம் பேசிய நான், இரண்டு கிழமை பொறுக்கும்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை நினைக்க இன்னமும் மனம் வேகிறது.

நீட்டிய ஆங்கிலப் பத்திரத்தைக் காசு பெற்றதற்கான பற்றுச்சீட்டு என்றார், நம்பி ஒப்பமிட்டேன். இப்போது தெரிந்ததும் பின்னர் தெரியவரக்கூடியதுமான எல்லாக் காயங்களுக்கும் இதுவே முழுமையான இறுதித் தீர்வு என்றும், சாரதி, உரிமையாளர், நிறுவனம் மூவரிடமும் இனி எதுவும் கோரமாட்டேன் என்றும் அதில் எழுதப்பட்டிருந்ததைப் பிறகுதான் வாசித்தேன்.

பதினெட்டாம் நாள் பெருவிரலின் அடியில் வலி தாங்காமல் மீண்டும் படம் எடுத்தபோது, ஸ்கபொயிட் என்னும் சிறிய மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமற்போவது வழக்கம் என்றும், இரத்த ஓட்டம் குறைந்த எலும்பாகையால் பொருந்தக் காலம் எடுக்கும் என்றும் எலும்பு வைத்தியர் விளக்கினார். பத்துக் கிழமை பிளாஸ்டரோடு இருந்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிய பிள்ளைகள் வேறு வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள். நிறுவனத்துக்கு எழுதினேன், தீர்வு முடிந்துவிட்டது என்று மூன்று வரியில் பதில் வந்தது.

புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைச் சந்தித்தேன். காயத்துக்கான நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். காப்புறுதி நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதற்காக அந்தக் காலம் தானாக நின்றுவிடாது என்றார். ஆகவே அவசரப்படுத்துவோரைப் போலவே, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தடிப்போரிடமும் கவனமாக இருக்க வேண்டும். மருந்துச் செலவுக்குக் காசு தேவையானால், இது இடைக்காலக் கொடுப்பனவு மட்டுமே என்று எழுத்தில் கேளுங்கள். பத்திரத்தின் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். அதை வீட்டில் வைத்து வாசிக்க நாள் தராதவரிடம் ஒப்பமிடாதீர்கள். சம்பளச் சிட்டை இல்லாதவர்கள் கட்டணக் கொப்பியையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பிரதியெடுத்து, கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

நான் ஒப்பமிட்ட பத்திரம் பெரிய தடைதான் என்று சட்டத்தரணி மறைக்காமல் சொன்னார். இரண்டு கிழமையில் மீண்டும் படம் எடுக்க வேண்டும் என்ற வைத்தியரின் வரி, அதிகாரி என் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் கையில் இருந்தது என்பதைத்தான் எங்கள் கோரிக்கைக் கடிதத்தில் முதலாவதாக எழுதியிருக்கிறோம். கடிதம் போய் மூன்று கிழமையாகிறது. இன்னும் பதில் வரவில்லை.