டெல்லியில் சர்க்கரை சென்சார் வாங்குவோர் கவனத்துக்கு

தொடர்ந்து மூன்று இரவுகள் என் அம்மாவை எழுப்பிக் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்தேன். அவருக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. கையில் ஒட்டிக்கொண்டு இரவு பகலாகச் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரை முதன்முறையாக வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

நாங்கள் ஆர்.கே. புரத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மலை மந்திர் முருகன் கோயிலில் பழக்கமான மாமி ஒருவர் சொன்ன கடைக்கு ஜூன் மாதம் போன் செய்தேன். மற்ற இடங்களில் விசாரித்ததைவிட 1,200 ரூபாய் குறைவு. "பழைய மீட்டரைத் தூக்கிப் போடுங்கள், இனி மாதாஜியின் விரலில் ஊசியே படாது" என்றார் கடைக்காரர். அம்மாவின் விரல் நுனிகள் தழும்பேறிப் போனதைப் பார்த்துப் பார்த்து வேதனைப்பட்டவன் நான். அந்தச் சொல்லில் விழுந்துவிட்டேன்.

பிற்பகல் இரண்டு மணி வெயிலில், இருசக்கர வண்டியில் பையன் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டி கையில் சுட்டது. 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அதன் மீதே அச்சிட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை.

அன்றிரவே 58 என்று அலாரம். 70க்குக் கீழே போனால் ஆபத்து என்று தெரியும், பதறிவிட்டேன். "நடுக்கமும் இல்லை, வியர்வையும் இல்லை. தாகமாகத்தான் இருக்கிறது" என்று அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை. மறுநாள் இரவு 54, அதற்கடுத்த இரவு 61. மருத்துவரைக் கேட்காமலேயே இன்சுலினையும் பாதியாகக் குறைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. நான்காம் நாள் காலையில் அம்மா எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடினார். இரவில் ஆறு முறை சிறுநீர் கழிக்கப் போயிருக்கிறார். பழைய மீட்டரைத் தேடி எடுத்து விரலில் குத்தினேன். 338. அதே நிமிடத்தில் சென்சார் 92 என்றது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் மயிரிழை போன்ற ஒரு கம்பி, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் சர்க்கரையை அளக்கிறது. அதனால் ரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும் அங்கே சில நிமிடங்கள் பிந்தித்தான் தெரியும். ஒட்டிய முதல் நாள் அளவு தடுமாறலாம். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் பொய்யாகத் தாழ்த்திக் காட்டும்; முதல் இரவின் 58ஐ அப்படிக்கூட எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பகலில் உட்கார்ந்திருப்பவருக்கு 246 வித்தியாசம் வர இவை எதுவும் காரணமாகாது. கம்பியின் மேலுள்ள நொதிதான் சர்க்கரையை உணர்கிறது. வெப்பத்திலும் நாள்பட்டும் அது கெட்டுப்போகும்.

உடம்பு ஒன்று சொல்லிக் கருவி வேறு சொன்னால் விரலில் குத்தியே ஆக வேண்டும் என்றார். சாப்பிடும் முன், திரையில் அம்புக்குறி கிடையாக நிற்கும்போது, அதாவது சர்க்கரை வேகமாக ஏறாமலும் இறங்காமலும் இருக்கும்போது ஒப்பிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மீட்டரும் ஏற்றிக் காட்டும். மீட்டர் 180, சென்சார் 160 என்றால் கவலை வேண்டாம். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டால் சில சென்சார்கள் கூட்டிக் காட்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். "ஒவ்வொரு உடம்புக்கு ஒவ்வொரு மாதிரி காட்டும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சென்சார் தயாரித்த நிறுவனத்தை அழைத்தேன். வரிசை எண்ணும் பில்லும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது தொகை மட்டும் கிறுக்கிய துண்டுச் சீட்டு. வரிசை எண்ணைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்தபோதுதான் அடிப்பக்கத்தில் ஓர் ஒட்டுத்தாள் கண்ணில் பட்டது. அதில் டிசம்பர் வரை செல்லும் என்றிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் அச்சாகியிருந்த தேதி பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது.

பெட்டி, சென்சார், சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அன்று மாலையே மாமி வீட்டுக்கும் போனேன். அந்தக் கடையில் வாங்கிய இரண்டு பெட்டிகள் அவர் அலமாரியில் பிரிக்காமல் இருந்தன. இரண்டின் அடியிலும் அதே ஒட்டுத்தாள்.