ஷேல் எண்ணெய்: பாறையை அளப்பதா, கிணற்றைப் பின்தொடர்வதா?

ஜூரோங் தீவு ஆலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஷேல் எனும் இறுகிய களிமண் பாறையிலிருந்து எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்ற மதிப்பீட்டுச் செய்தியைப் படித்தால், அந்த எண் எந்த வழியில் வந்தது என்று முதலில் பாருங்கள்.

ஒரு வழி: பாறையின் பரப்பு, தடிமன், நுண்துளை அளவு, எண்ணெய்ச் செறிவு ஆகியவற்றைப் பெருக்கி, மீட்பு விகிதத்தால் (உள்ள எண்ணெயில் வெளியே எடுக்கக்கூடிய பங்கு) குறைப்பது. கிணறே இல்லாத இடத்துக்கும் பொருந்தும். ஆனால் ஷேலில் அந்த விகிதம் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குக் கீழ். 4 சதவீதத்தை 8 என்று வைத்தாலே விடை இரட்டிப்பாகிவிடும்.

மற்றொன்று: ஓடும் கிணற்றின் உற்பத்திச் சரிவை வரைந்து நீட்டுவது. ஆர்ப்ஸ் என்ற பொறியாளர் 1945இல் தந்த சமன்பாடு இன்றும் பயன்படுகிறது. சில மாதத் தரவை மட்டும் வைத்து நீட்டினால் இதுவும் மிகைப்படும். சில ஆண்டுத் தரவு இருந்தால் நான் இதையே நம்புவேன். கலிபோர்னியாவின் மான்டரே ஷேலுக்கு அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் சொன்ன 1,370 கோடி பீப்பாய், 2014இல் 60 கோடியாகச் சரிந்தது. கிணறுகள் எதிர்பார்த்த அளவு தரவில்லை.